இணையதளத்தின் பட்டா யார் பெயரில்?

விளைவித்தவன் கையில் விலை இல்லை என்பது நம் நாட்டில் மிகப் பழைய குறை. அந்தக் குறையைப் போக்கும் வழிகளில் ஒன்றாக 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல், விளைவித்தவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று அதே நோக்கத்துடன் நம் விவசாயிகள் வேறொரு சந்தைக்கும் வந்திருக்கிறார்கள். மஞ்சள் தூள், நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய், பாரம்பரிய ரக அரிசி, தேன், முருங்கை இலைப் பொடி ஆகியவற்றைச் சொந்தமாகத் தயாரித்து, சொந்தமாக ஒரு பெயர் சூட்டி, இணையதளம் வைத்து, கூரியரில் அனுப்பி விற்கும் சிறு விவசாயிகள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். இது வரவேற்கத்தக்க முன்னேற்றம்.

ஆனால் இவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. "உங்கள் இணையதளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது?" என்பதே அந்தக் கேள்வி. "நம்ம பையன் ஒருத்தன் பார்த்துக்கிறான். எல்லாம் அவன்கிட்டதான் இருக்கு" என்பது வழக்கமான பதில். நிலம் வாங்கினால் வில்லங்கம் பார்க்கிறோம், பத்திரம் பதிகிறோம், பட்டா மாறுதலுக்கு அலைகிறோம். வியாபாரத்தின் முகவரியாகிய இணையதளத்தை மட்டும் பிறர் பெயரில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். இது சரியல்ல என்பதே நம் கருத்து. தளத்தை யார் அமைத்தாலும், யார் பராமரித்தாலும், அதன் பெயர் உரிமை விவசாயியின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

இணையதளம் என்பது நான்கு பொருள்கள்

இணையதளம் என்றால் ஒரே பொருள் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நான்கு பொருள்கள் சேர்ந்தது. முதலாவது, பெயர். இதை டொமைன் என்கிறார்கள். டாட் காம், டாட் இன் என்று முடியும் முகவரிதான் அது. இரண்டாவது, இடம். தளத்தின் படங்களும் எழுத்துக்களும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடத்துக்கு மாதமோ வருடமோ வாடகை உண்டு. இதை ஹோஸ்டிங் என்கிறார்கள். மூன்றாவது, அந்த இடத்தில் கட்டிய கட்டடம். அதாவது பக்கங்கள், படங்கள், விலைப்பட்டியல், வாங்கியவர்களின் விவரம். நான்காவது, சாவி. அதாவது மேற்கண்டவற்றுக்குள் நுழைவதற்கான மின்னஞ்சல் முகவரி, பாஸ்வேர்டு, ஓ.டி.பி. வரும் தொலைபேசி எண்.

இந்த நான்கில் மிக முக்கியமானது பெயர்தான். இடத்தின் வாடகை கட்டுப்படியாகாவிட்டால் வேறு இடத்துக்கு மாறலாம். கட்டடம் இடிந்தால் மீண்டும் கட்டலாம். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. அவர் பழைய முகவரிக்கே வருவார், கடை திறந்திருக்கும். பெயர் போனால் நிலைமை வேறு. பை, பாட்டில், அட்டைப்பெட்டி, துண்டுப் பிரசுரம் எல்லாவற்றிலும் அச்சடித்த பெயர் அதுதான். சென்னையில் இருக்கும் ஒரு குடும்பம் மூன்று வருடமாக அந்தப் பெயரைத் தட்டித்தான் எண்ணெய் வாங்குகிறது. பெயர் கைமாறினால் அந்தக் குடும்பம் புதிய சொந்தக்காரர் கடைக்குப் போய் நிற்கும்.

இந்தப் பெயரை ஒரு முறை விலை கொடுத்து வாங்கிவிட்டால் என்றென்றைக்கும் சொந்தம் என்று எண்ணக் கூடாது. இது ஒரு தவணை உரிமை. ஒரு வருடத்திலிருந்து அதிகபட்சம் பத்து வருடம் வரை ஒரே தடவையில் பணம் கட்டிப் பதிவு செய்யலாம். தவணை முடியுமுன் புதுப்பித்துக்கொண்டே வந்தால் பெயர் நம்மிடமே இருக்கும். டாட் இன் பெயர்களின் மூலப் பதிவேட்டை நிர்வகிப்பது 2003-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிக்சி என்ற இந்திய ஸ்தாபனம். டாட் காம் போன்ற பெயர்களுக்குப் பொது விதிகளை வகுப்பது 1998-ம் ஆண்டில் அமெரிக்காவில் அமைக்கப்பட்ட ஐகான் என்ற ஸ்தாபனம். இவற்றின் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்கள் மூலமே நாம் பெயரைப் பதிவு செய்கிறோம். சாதாரணமான ஒரு பெயருக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் வரை ஆகும். ஒரு மூட்டை உரத்தின் செலவுக்குள் அடங்கும் விஷயம் இது.

தவறு எங்கே நடக்கிறது?

தளம் அமைத்துக் கொடுப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரும்பாலோர் நேர்மையாக உழைத்துப் பிழைப்பவர்களே. ஆனால் அவர் பத்து, இருபது பேருக்குத் தளம் அமைக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்குவது அவருக்குச் சிரமம். ஆகவே எல்லாப் பெயர்களையும் தம் கணக்கிலேயே, தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்துவிடுகிறார். விவசாயிக்கும் அது அப்போது வசதியாகத்தான் இருக்கிறது. பணத்தைக் கொடுத்தோம், வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்.

சிக்கல் பிறகுதான் வருகிறது. தளம் அமைத்தவர் தொழிலை விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விடலாம். வெளிநாடு போய்விடலாம். உடல்நலம் கெடலாம், காலமாகியும் விடலாம். பராமரிப்புக் கட்டணம் பற்றி இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்படலாம். அவர் கட்டணத்தை இரண்டு மடங்காக்கினாலும் விவசாயி வேறு ஆளிடம் போக முடியாது. ஏனெனில் பதிவேட்டின்படி சொந்தக்காரர் விவசாயி அல்ல, தளம் அமைத்தவரே.

பதிவேட்டில் யார் பெயர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1980-களில் நடந்த யூ.டி.ஆர். பட்டாப் பதிவின்போது பெயர் தவறிப்போன குடும்பங்கள் எத்தனை முறை தாலுகா ஆபீசுக்கு நடந்தன என்பது ஊருக்கு ஊர் தெரிந்த கதை. நிலத்தில் உழுதுகொண்டிருப்பது நாமாக இருந்தாலும், கடன் கேட்கப் போனால் வங்கியில் கேட்பது பட்டாவைத்தான். கிணற்று மின் இணைப்பு காலமான தாத்தா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்துக்கு என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும். இணையதளத்துக்கும் அதே நியாயம்தான். அங்கே விசாரிக்கக் கிராம நிர்வாக அலுவலர் இல்லை, சாட்சி சொல்லப் பக்கத்துக் காட்டுக்காரரும் இல்லை. பதிவில் உள்ள பெயரும் மின்னஞ்சலுமே சாட்சி.

டாட் காம் போன்ற பெயர்களை ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு தேவை. பெயரின் சொந்தக்காரர் கேட்டால் ஐந்து நாட்களுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ஐகானின் விதி. நல்ல விதிதான். ஆனால் பதிவில் இருக்கும் சொந்தக்காரர் கேட்டால்தான் அது செல்லும். நாம் பணம் கொடுத்த ரசீதைக் காட்டி மன்றாடினாலும் பதிவு நிறுவனம் நம்மைச் சொந்தக்காரராக ஏற்க வேண்டியதில்லை.

தவணை தவறினால்

தவணை முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பதும் ஐகானின் விதியே. அந்த நினைவூட்டல் யாருக்குப் போகும்? பதிவில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான். அது தளம் அமைத்தவருடையதாக இருந்து, அவர் அதைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தால், நமக்குச் செய்தியே வராது. ஒருநாள் காலையில் தளம் திறக்காது. அன்றுதான் விஷயம் தெரியும்.

தவணை தவறிய பெயர் உடனே போய்விடுவதில்லை. சில நாட்கள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்கப் பல பதிவு நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அதுவும் கடந்து பெயர் நீக்கப்பட்டால், டாட் காம் பெயர்களுக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது மீட்கச் சாதாரணக் கட்டணத்தைப்போல் பல மடங்கு கேட்பார்கள். அந்தக் காலமும் கடந்தால் மேலும் 5 நாட்களில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இப்படி விழும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே இரவு பகலாகக் காத்திருக்கும் வியாபாரிகள் உண்டு.

சிறியவர்களுக்குத்தான் இந்த மறதி வரும் என்பதில்லை. 1999-ம் ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாப்ட் கம்பெனியே தன் 'பாஸ்போர்ட் டாட் காம்' என்ற பெயரைப் புதுப்பிக்கத் தவறிவிட்டது. அந்தப் பெயரை நம்பியிருந்த ஹாட்மெயில் வாடிக்கையாளர்களில் பலர் தங்கள் கடிதங்களைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். மைக்கேல் சேனி என்ற கம்ப்யூட்டர் நிபுணர் கிறிஸ்துமஸ் சமயத்தில் தம் கைப்பணம் 35 டாலரைக் கட்டிப் பெயரைப் புதுப்பித்துக் கொடுத்தார். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு நல்ல மனிதர் வாய்த்தார். நமக்கும் வாய்ப்பார் என்று நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

சட்டம் இருக்கிறது, ஆனால்

இணையப் பெயரும் பாதுகாக்கத்தக்க உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றம் 2004-ம் ஆண்டு மே மாதத்தில் தீர்ப்பளித்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே என்ற நிறுவனம் 'சிஃபி' என்ற சொல்லில் தொடங்கும் பெயர்களை 1999-ல் பதிவு செய்திருந்தது. பின்னால் வந்த மற்றொரு நிறுவனம் ஏறக்குறைய அதேபோன்ற பெயரை உபயோகித்தது. கீழ்க் கோர்ட்டு தடை விதித்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, உச்ச நீதிமன்றம் மீண்டும் தடையை நிலைநாட்டியது. வியாபாரச் சின்னத்துக்கு உள்ளதுபோன்ற பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்பது அன்று உறுதியாயிற்று.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கும் குறிப்பிடத்தக்கது. கேரி கிரெமன் என்பவர் 1994-ல் பதிவு செய்த ஒரு பெயரை, 1995-ல் வேறொருவர் ஒரு போலிக் கடிதத்தைக் காட்டித் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். கிரெமன் அதைத் திரும்பப் பெற 2000-ம் ஆண்டு ஆயிற்று. இணையப் பெயரும் ஒரு சொத்துத்தான் என்று 2003-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

இரண்டு தீர்ப்புகளும் நல்ல தீர்ப்புகள். ஆனால் இரண்டிலும் எத்தனை கோர்ட்டு, எத்தனை வருடம் என்பதைக் கவனிக்க வேண்டும். டாட் இன் பெயர்த் தகராறுகளுக்கு நிக்சியின் ஏற்பாட்டில் மத்தியஸ்தர் விசாரணை உண்டு. கோர்ட்டைவிட விரைவானதே என்றாலும் அதற்கும் கட்டணம், வக்கீல், ஆவணம் எல்லாம் வேண்டும். இரண்டு ஏக்கர் மஞ்சள் விவசாயி இவற்றின் பின்னால் அலைய முடியுமா? பதிவு செய்யும் நாளில் அரை மணி நேரம் செலவிட்டுச் சொந்தப் பெயரில் பதிந்துகொள்வதுதான் அவருக்கு ஏற்ற பாதுகாப்பு.

கட்டடத்துக்கும் காகிதம் வேண்டும்

பெயரைப்போலவே தளத்தின் பக்கங்களும் யாருடையவை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "பணம் கொடுத்துச் செய்யச் சொன்னோம், ஆகவே நம்முடையது" என்று நினைப்பது இயல்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாகச் செய்தால் உரிமை முதலாளிக்கு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கு. ஆனால் வெளியாள் ஒருவர் ஒப்பந்த முறையில் எழுதிக் கொடுத்த எழுத்தும் கம்ப்யூட்டர் நிரலும், எழுத்து மூலம் மாற்றித் தரப்படாத வரை அவருடையவையே.

அப்படி எழுதி வாங்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடத்துக்கு மட்டுமே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளில் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே "இந்தத் தளத்தின் எழுத்து, படம், நிரல் அனைத்தின் உரிமையையும் சட்டம் அனுமதிக்கும் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும் இன்னாருக்கு மாற்றித் தருகிறேன்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. வேர்ட்பிரஸ் போன்ற பொது மென்பொருளில் தளம் அமைக்கச் சொல்வது இன்னும் உத்தமம். 2003-ல் வெளியான இந்த மென்பொருள் யாரும் இலவசமாக உபயோகிக்கக்கூடியது. ஒருவர் அமைத்ததை இன்னொருவர் தொடர்ந்து பராமரிக்க முடியும். ஒருவருக்கு மட்டுமே புரியும் முறையில் அமைத்த தளம் அவரோடு நம்மைக் கட்டிப்போட்டுவிடும்.

இலவச இடத்தை நம்பலாமா?

"இலவசமாகவே இடம் கிடைக்கும்போது பெயருக்கும் இடத்துக்கும் ஏன் செலவு?" என்று சிலர் கேட்கிறார்கள். சமூக வலைத்தளப் பக்கமும் வாட்ஸ்அப்பும் வியாபாரத்துக்கு உதவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றை உபயோகிக்கவே வேண்டும். ஆனால் அது பிறர் நிலம். நிலத்துக்காரர் காலி செய்யச் சொன்னால் காலி செய்யத்தான் வேண்டும். கூகுள் நிறுவனம் சிறு வியாபாரிகளுக்கு இலவசமாகச் சிறிய இணையதளங்களை அமைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்து வந்தது. 2024-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்தத் தளங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அந்த முகவரிக்கு வருபவர்களைக் கடையின் கூகுள் பதிவுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அந்த ஆண்டு ஜூன் 10-ந் தேதி வரை இருந்தது. அதன்பிறகு அந்த முகவரிகள் வேலை செய்யவில்லை. சொந்தப் பெயர் வைத்திருந்தவர்கள் அந்தப் பெயரை வேறு இடத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். இலவச முகவரியையே பையில் அச்சடித்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

ஆகவே கூட்டம் கூடும் இடங்களில் எல்லாம் விளம்பரம் செய்யலாம். ஆனால் வருபவரைக் கடைசியில் சொந்தப் பெயருள்ள தளத்துக்கு அழைத்து வர வேண்டும். பையிலும் பாட்டிலிலும் அச்சடிப்பது அந்தப் பெயராகவே இருக்க வேண்டும்.

"நமக்கு என்ன தெரியும்?"

கம்ப்யூட்டர் படிக்காத விவசாயி இவற்றையெல்லாம் எப்படிக் கவனிக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டிராக்டர் ஓட்டத் தெரியாதவரும் டிராக்டர் வைத்திருக்கிறார். டிரைவர் ஓட்டுகிறார், ஆர்.சி. புத்தகம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. போர்வெல் மோட்டாரைப் பழுது பார்க்கத் தெரியாதவரும் மோட்டார் கொட்டகைச் சாவியைத் தம் இடுப்பில்தான் வைத்திருக்கிறார். வேலை தெரிவது வேறு, உடைமை வைத்திருப்பது வேறு. வேலையைத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். அதற்கு உரிய கூலியைத் தாராளமாக, உரிய காலத்தில் கொடுக்க வேண்டும். உடைமையைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

"அந்தப் பையனைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமே" என்று கூச்சப்படுபவர்களும் உண்டு. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கும்போதும் பத்திரம் எழுதிக்கொள்கிறோம். அது சந்தேகத்தால் அல்ல, பிற்காலத்தில் உறவு கெடாமல் இருப்பதற்காக. நேர்மையாகத் தளம் அமைப்பவர் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். அவருக்கும் இது பாதுகாப்பே. கோபிப்பவராக இருந்தால் அது முன்கூட்டியே தெரிந்துவிடுவதும் நல்லதுதான்.

கூட்டாக நடத்தும் நிறுவனங்கள்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இவ்விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2020-ம் ஆண்டில் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய நிறுவனங்களில் தலைமை நிர்வாகி சம்பளத்துக்கு வருகிறார், சில வருடங்களில் வேறு வேலைக்குப் போகிறார். இணையதளப் பெயரும் மின்னஞ்சலும் அவருடைய சொந்த எண்ணில் இருந்தால், அவர் போகும்போது நூற்றுக்கணக்கான பங்குதாரர்களின் கடைச் சாவியும் கூடவே போய்விடும். ஆகவே பெயர் பதிவு நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். அலுவலகத்துக்கென்று தனி மின்னஞ்சலும் தனித் தொலைபேசி எண்ணும் வேண்டும். இயக்குநர்களில் இருவருக்காவது சாவி தெரிந்திருக்க வேண்டும். பெயர், தவணை தேதி, பதிவு நிறுவனம் ஆகியவற்றை இயக்குநர் கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். நிர்வாகி மாறும்போது பண இருப்பை ஒப்படைப்பதுபோல் இவற்றையும் எழுத்து மூலம் ஒப்படைத்து, பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

இணையதளம் வைத்திருக்கும் விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்வது நல்லது.

1. தளத்தின் பெயர் எந்தப் பதிவு நிறுவனத்தில், எந்தத் தேதி வரை பதிவாகியிருக்கிறது என்பதைப் பொதுப் பதிவேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இதை 'ஹூ ஈஸ்' என்று தேடினால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சொந்தக்காரர் பெயர் பெரும்பாலும் அதில் மறைக்கப்பட்டிருக்கும். ஆகவே தளம் அமைத்தவரைப் பதிவுக் கணக்கைத் திறந்து நேரில் காட்டச் சொல்ல வேண்டும்.

2. பிறர் பெயரில் இருந்தால், பதிவு நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அந்தக் கணக்குக்குப் பெயரை மாற்றித் தரக் கேட்க வேண்டும். சுமுகமாக இருக்கும்போதே கேட்பது நல்லது. பாக்கி ஏதாவது இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட வேண்டும்.

3. இதற்கென்று ஒரு மின்னஞ்சலை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு இணைத்த தொலைபேசி எண்ணை அடிக்கடி மாற்றக் கூடாது. நெடுநாள் உபயோகிக்காத எண் வேறொருவருக்குப் போய்விடும். ஓ.டி.பி.யும் அவருக்கே போகும்.

4. தளத்தில் வேலை செய்பவருக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், அவருக்கென்று தனி அனுமதி ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை ரத்து செய்துவிடலாம். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது.

5. வாடிக்கையாளர் கட்டும் பணம் நேரடியாக உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். தளம் அமைத்தவர் கணக்குக்குப் போய், பிறகு உங்களுக்கு வரும் ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளக் கூடாது.

6. மாதம் ஒரு முறை தளத்தின் முழுப் பிரதியும், வாடிக்கையாளர் பட்டியலும், பென் டிரைவிலோ வீட்டுக் கம்ப்யூட்டரிலோ உங்களிடம் வந்துசேர வேண்டும். விதை நெல்லை வீட்டுக் குதிரில் வைப்பதுபோல் இதை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவை பிறருடைய முகவரியும் எண்ணும் ஆகையால் கண்டவர் கையில் கொடுக்கவும் கூடாது.

7. பெயரை ஒவ்வொரு வருடமாகப் புதுப்பிக்காமல் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம். தவணை தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வைக்க வேண்டும்.

8. இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பட்டா, பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைத்து, மனைவியிடமோ மகன், மகளிடமோ சொல்லி வைக்க வேண்டும்.

வியாபாரம் ஓரளவு வளர்ந்த பிறகு பெயரை வியாபாரச் சின்னமாகவும் பதிவு செய்துகொள்ளலாம். 2017-ம் ஆண்டு விதிகளின்படி தனிநபர் விண்ணப்பதாரர் இணைய வழியில் விண்ணப்பிக்க ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பெயர்த் தகராறு வந்தால் இந்தப் பதிவு பெரிய துணையாக இருக்கும்.

அதிகாரிகளும் கவனிக்க வேண்டும்

மதிப்புக் கூட்டி விற்க வேண்டும், நேரடியாக விற்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் விவசாயிகளுக்குச் சொல்கிறார்கள். பொட்டலம் கட்டுவது எப்படி, உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்குவது எப்படி என்றும் கற்றுத் தருகிறார்கள். இணையதளத்தின் உரிமையை வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கும் அந்த வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அரசுப் பணத்திலோ மானியத்திலோ உழவர் நிறுவனங்களுக்கு இணையதளம் அமைக்கப்படும்போது, பெயரும் சாவியும் பிரதியும் நிறுவனத்திடம் எழுத்து மூலம் ஒப்படைக்கப்பட்டால்தான் அமைத்தவருக்குக் கடைசித் தவணைப் பணம் தரப்படும் என்று ஒரு நிபந்தனை சேர்த்துவிட்டால் போதும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை.

உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பார்கள். இணையதளமும் பார்த்துக்கொள்ள வேண்டிய பயிர்தான். இடைத்தரகர் வேண்டாமென்று சந்தையைத் தேடி வந்த விவசாயி, கம்ப்யூட்டர் தெரிந்த இன்னொரு இடைத்தரகரிடம் தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. தளம் அமைத்துக் கொடுத்தவரை இன்றே கூப்பிட்டு, பெயர் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பெயரில் இருந்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வெள்ளாமை வீட்டுக்கு வருவதற்குள் அதை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.